பூனை ரொட்டியும் பக்கத்து வீட்டு நானியும்

இருபது வருஷம் வங்கியில் டெபிட், கிரெடிட் எழுதினவன் மாவு பிசைய வந்தால் என்ன ஆகும்? ஒரு கிராம் இடித்தாலும் தூக்கம் வராது. எனக்கு அதுதான் ஆச்சு.

எல்லாம் சின்னவளால் வந்தது. யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு, "அப்பா, இதை நாம செய்யலாம்ப்பா" என்று ஒற்றைக்காலில் நின்றாள். தங்கமணி "எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிட்டார். ஆக, நான்தான்.

சமாச்சாரத்தின் பேர் 'சிகிரி பான்'. ஜப்பானிய மொழியில் சிகிரு என்றால் கையால் பிய்ப்பது, பான் என்றால் ரொட்டி. சதுரத் தட்டில் வரிசைக்கு நாலாகப் பதினாறு உருண்டை வைப்பார்கள். வேகும்போது உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் பூனை, கரடி என்று ஒரு முகம். கத்தி தேவையில்லை, பிய்த்துத் தின்ன வேண்டியதுதான். (பாவ் பாஜிக்கு வாங்குகிற பாவும் இப்படித்தானே ஒட்டிக்கொண்டு வருகிறது? 'பாவ்', 'பான்' இரண்டுமே போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல்தான். கோவாவுக்கு வந்தவர்கள் நாகசாகிக்கும் போனார்கள்.)

மைதா 200 கிராம், பால் 130 மில்லி, சர்க்கரையும் வெண்ணெயும் 20 கிராம், ஈஸ்டும் உப்பும் 3 கிராம். இதை அப்படியே நம்பிப் பிசைந்தால் தோசை மாவுக்கு அண்ணன் மாதிரி ஒன்று கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. போர்ட் பிளேர் ஈரத்தில் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம், வாயில்தான் இன்னும் வரமாட்டேன் என்கிறது) டப்பாவில் இருக்கும் மைதாவே பாதி நனைந்த மாதிரி இருக்கும். பாலை 115 ஆகக் குறைத்ததும் சரியாகிவிட்டது. சிங்கப்பூர்க்காரர்களே, உங்களுக்கும் இது உபயோகப்படலாம். மொத்தம் 361 கிராம், பதினாறால் வகுத்தால் தலைக்கு 22½. விரலில் ஒட்டினதை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டேன்.

அடுத்த தப்பு நேரத்தில். ஒரு மணி நேரம் பொங்க விடச் சொன்னார்கள். இங்கே முக்கால் மணியிலேயே தட்டைத் தாண்டி எழும்பிவிட்டது. பூனை எது, கரடி எது என்றே தெரியவில்லை. இரண்டாவது ஞாயிறு 180 டிகிரியில் வைத்தேன், எல்லா முகமும் வெயிலில் காய்ந்த மாதிரி கறுத்துப்போச்சு. முகம் வெள்ளையாக இருக்க வேண்டுமானால் 150 டிகிரி, மேலே அலுமினியத் தாள், இருபது நிமிஷம். காதுக்குப் பாதாம் துண்டு. கண்ணும் மீசையும் உருக்கின சாக்லேட்டைப் பல்குத்தும் குச்சியால் தொட்டு வரைவது. அந்த வேலை சின்னவளுடையது.

மூன்றாவது ஞாயிறு ஜெயித்தோம். ஆறு உருண்டையைத் தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டு நானிக்கு எடுத்துப் போனோம். எண்பதைத் தாண்டினவர், இந்த ஊரிலேயே பிறந்தவர். கைதியாக வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்தின் வாரிசு. பேச்செல்லாம் ஹிந்துஸ்தானி. நான் என் வங்கி ஹிந்தியில் பெருமையாக, "நானி, ஜப்பானி ரொட்டி!" என்றேன்.

நீட்டின கை அப்படியே நின்றது.

1942 மார்ச் 23-ல் ஜப்பான் படை இந்தத் தீவில் இறங்கியது, 1945 அக்டோபரில்தான் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஹம்ஃபிரிகஞ்ச் பக்கம் போகும்போது நினைவிடத்தையும் பார்த்திருக்கிறேன். 1944 ஜனவரி 30, உளவாளிகள் என்று சொல்லி 44 பேரைச் சுட்ட இடம். தேதியாகத் தெரியும், அவ்வளவுதான்.

நானி உட்காரச் சொன்னார். அவருடைய மாமாவை ஒரு ராத்திரி வந்து கூட்டிப் போனார்களாம். திரும்பவில்லை. கடைசி வருஷம் அரிசியே கிடையாது, அம்மா காட்டுக்கிழங்கை வேகவைத்துத் தின்றுதான் தனக்குப் பால் கொடுத்தாள் என்றார். கோபமே இல்லை. ரேஷன் கார்டு படிக்கிற மாதிரி சொன்னார்.

எங்கோ ஒரு அம்மா தன் குழந்தைக்கு என்று செய்த ரொட்டிக்கும் அந்தச் சிப்பாய்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கேட்க வாய் வரவில்லை. தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.

"நான் சொன்னதாலதானாப்பா?" என்றாள் சின்னவள். "இல்லம்மா, நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்" என்றேன். ராத்திரி மிச்சமிருந்த பத்தையும் யாரும் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தட்டு திரும்பி வந்தது, வெறுமனே இல்லை, தேங்காய் லட்டோடு. ரொட்டியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஞாயிறு மாவு பிசைகிற சத்தம் கேட்டதோ என்னவோ, நானியின் கொள்ளுப்பேரன் கதவைத் தட்டினான்.

"அங்கிள், பில்லி ரொட்டி இருக்கா?"

பில்லி என்றால் பூனை. வெந்ததும் தரேன், நானிக்கும் எடுத்துட்டுப் போறியா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ரெண்டு குடுங்க. ஆனா நானிக்குக் கரடி வேணாமாம். அது சரியா வேகலையாம்."