முகவரியும் முகமும்

கணினி வலையமைப்பில் கண்ணுக்குப் புலப்படாத சுவர்கள் உண்டு. 'விலான்' என்பது அத்தகைய சுவர். ஒரே சுவிட்சில் அருகருகே செருகிய இரு கம்பிகளை அது வெவ்வேறு வீடுகளாக்கிவிடும். 1998-இல் வெளிவந்த 802.1க்யூ தரநிலைப்படி இத்தகைய பிரிவுகள் 4094 வரை இருக்கலாம்.

நாம் பணிபுரியும் அலுவலகத்தில் இருந்தவை மூன்றே: கணக்குப் பிரிவு, பயிற்சிக்கூடம், அச்சுப்பொறிகள். பிரிவினையால் நன்மை விளைந்தது. ஓரிடத்து அறிவிப்புப் பொதிகள் மற்றோரிடத்தை நிறைக்கவில்லை; ஊதிய ஏடுகள் மாணவர் கைக்கு எட்டவில்லை. ஆனால், கணக்கர்களோ ஒரு தாளை அச்சிடப் பென் டிரைவும் கையுமாய் நடந்தனர். ஆகவே வழி திறக்கும் பணி நம்மிடம் வந்தது.

தனி ரூட்டர் தேவைப்படவில்லை; வழிச்செலுத்தும் ஆற்றல் சுவிட்சிலேயே இருந்தது. கணக்குப் பிரிவுக்கு 192.168.10.1 என்பதுபோல் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வாயில் முகவரி தந்தோம். பின்னர் 'ஐ.பி. ரூட்டிங்' என்னும் ஒற்றைக் கட்டளை. அயற்பிரிவுக்குரிய பொதியைக் கணினி தன் வாயிலிடம் ஒப்படைக்கும். சுவிட்ச் மேலுறையை மாற்றி அப்பால் அனுப்பும்.

ஓர் அச்சுப்பொறி மட்டும் மௌனம் காத்தது. பொதி அதனைச் சென்றடைந்தது, பதில்தான் வரவில்லை. அதனுள் வாயில் முகவரி எழுதப்படாதிருந்தது. போகும் வழி இருந்தால் போதுமா? திரும்பும் வழியும் வேண்டுமன்றோ!

இதனினும் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. அந்த ஒற்றைக் கட்டளை அச்சுப்பொறிக்கு மட்டும் வழிவிடுவதில்லை; எல்லாப் பிரிவுகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும். எனவே கட்டளையிடும் முன்பே அனுமதிப் பட்டியலை எழுதி வைத்தோம். சுவிட்ச் அதனை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தும் விதியை ஏற்கும். பட்டியலில் இல்லாததை மறுக்கும்.

அச்சிட அனைவருக்கும் அனுமதி தந்தோம். பயிற்றுநர் ஒருவர், தம் ஊதியச் சீட்டைத் தம் மேசைக் கணினியிலேயே காண விரும்பினார். நியாயமான விருப்பமே. ஆனால் அதே கணினியில் மாணவரும் அமர்வர். சுவிட்ச் முகவரியை அறியும்; முகத்தை அறியாது. அவருக்குத் திறந்தால் அவர்களுக்கும் திறந்ததாகும். வருத்தத்துடன் மறுத்தோம்.

வழி திறக்க ஒரு வரி போதும். யாருக்கு என்று தேர்வதற்கோ, மனிதர்களை அறிந்திருக்க வேண்டும். அப்பயிற்றுநரின் ஊதியச் சீட்டு இன்றும் உறையிலிட்டு அவர் கையில்தான் கொடுக்கப்படுகிறது. கொடுப்பவர் அவர் முகத்தை அறிவார்.