மூணாவது மாடியிலிருந்து ஆறாவது மாடிக்கு!

கேம்பஸ் இன்டர்வியூல செலக்ட் ஆன அன்னிக்கு ட்ரீட் கேட்காத ஃப்ரெண்ட் உண்டா? ஆனா, 'என்ன வேலைடா குடுத்திருக்காங்க?'னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் கம்பெனி பேரைத்தான் சொல்வாங்க. என்ன வேலைங்கிறது அவங்களுக்கே தெரியாது! ஆஃபர் லெட்டர்ல 'டிரெய்னி'னு ஒரு வார்த்தை இருக்கும், அவ்வளவுதான். டிரெய்னிங் முடிஞ்சதும் எந்த புராஜெக்ட்ல ஆள் தேவையோ, அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பாங்க. ஜாவா படிச்சவன் சப்போர்ட்டுக்கும், சர்க்யூட் வரைஞ்சவன் டெஸ்டிங்குக்கும் போறது இப்படித்தான்.

அதனால பாஸ், 'எந்தக் கம்பெனி?'ங்கிற கேள்விக்கு அடுத்து நாம கேட்டுக்க வேண்டியது, 'உள்ளே போன பிறகு, அந்த முதல் சீட்டை விட்டு எப்போ எழுந்திருக்கணும்?'

நான் இப்போதான் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். 'வேலைக்கே போகாதவன் இதையெல்லாம் ஏன் பேசுறான்?'னு நீங்க கேட்டா நியாயம்தான். ஆனா எங்க அக்கா ஒரு வருஷம் பூரா இந்தக் கேள்வியோடதான் சாப்பிட்டா, தூங்கினா. பக்கத்துல இருந்து பார்த்த சாட்சி நான்.

அக்காவுக்கு ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில சப்போர்ட் வேலை. அமெரிக்காவுல ஏதோ ஒரு கடையில பில் போடுற சாஃப்ட்வேர் மக்கர் பண்ணினா, இங்கே மூணாவது மாடியில ஒரு 'டிக்கெட்' திறக்கும். பஸ் டிக்கெட் இல்லீங்க, புகார்ச் சீட்டு! இத்தனை நிமிஷத்துக்குள்ள பதில் சொல்லணும்னு கெடு உண்டு. 'ரன்புக்'னு ஒரு வழிகாட்டி இருக்கும். 'இந்த எரர் வந்தா இதைச் செய், சரியாகலைன்னா அடுத்த லெவலுக்குத் தள்ளிவிடு.' அமெரிக்கா முழிச்சிருக்கிற நேரம் இவங்களும் முழிச்சிருக்கணும். ஸோ, நைட் ஷிஃப்ட்.

சப்போர்ட் வேலைன்னா மட்டம்னு நினைச்சுடாதீங்க. முதல் ஆறு மாசத்துல அக்கா கத்துக்கிட்டது ஏராளம். லினக்ஸ் கமாண்ட், டேட்டாபேஸ் குவெரி, கோபத்துல கத்துற கிளையன்ட்கிட்ட பதறாம பேசுறதுன்னு எல்லாமே அங்கே வந்ததுதான். ஒரு சாஃப்ட்வேர் எங்கே, எப்படி உடையும்னு அதை எழுதினவனை விட சப்போர்ட்ல இருக்கிறவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.

ஆனா பத்தாவது மாசம் ஒருநாள் சொன்னா: "டிக்கெட்டோட முதல் வரியைப் படிச்சதுமே கை தானா டைப் அடிக்குதுடா. மூளை தூங்கிட்டிருக்கு."

இது நிஜமான தேக்கமா, இல்லை வெறும் அலுப்பா? தூக்கம் கெட்டா யாருக்குமே வேலை கசக்கும். அக்கா இதுக்கு ஒரு வழி பண்ணினா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டைரியில, 'இந்த வாரம் புதுசா என்ன கத்துக்கிட்டேன்?'னு ஒரே ஒரு வரி எழுதணும். வரிசையா ஆறு வெள்ளிக்கிழமை வெறும் பக்கம். நடுவுல தீபாவளிக்கு லீவு போட்டு நல்லாத் தூங்கி எழுந்து போன வாரமும் வெறும் பக்கம்தான். அப்போ அலுப்பு இல்லை, தேக்கம்!

ஜனவரியில கம்பெனிக்குள்ளேயே ஓர் அறிவிப்பு வந்தது. ஆறாவது மாடியில ஆட்டோமேஷன் டீமுக்கு ஆள் தேவை. உள்ளே இருக்கிறவங்களே அப்ளை பண்ணலாம், ஆனா இப்போ இருக்கிற புராஜெக்ட்ல 12 மாசம் முடிஞ்சிருக்கணும். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிரெய்னிங் காலம் கணக்குல சேருமா சேராதான்னும் பார்த்துக்கணும். அக்காவுக்கு 13 மாசம் ஆகியிருந்தது.

உடனே ஓடியிருக்கலாமேங்கிறீங்களா? அங்கேதான் இடிச்சது. புது டீம்ல சம்பளம் அதேதான். ஆனா பகல் வேலை. அதாவது, நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் போயிடும். மாசம் 5,500 ரூபாய்! கல்விக் கடன் இ.எம்.ஐ. மட்டும் 6,800. என் காலேஜ் பஸ் ஃபீஸும் அந்தச் சம்பளத்துலதான். அதனால 'மாறிடுக்கா'னு சொல்ல எனக்கு வாய் வரலை. "நிலையா ஒரு வருமானம் வருது, ஏம்மா குறைச்சுக்கணும்?"னார் அப்பா. "புள்ள ராத்திரி தூங்கினா போதும்"னாங்க அம்மா.

'வெளியே வேற கம்பெனிக்குப் போனா சம்பளமே கூடுமே?' அக்காவும் யோசிச்சா. ஆனா வெளிக் கம்பெனிக்காரன் பார்க்கிறது நம்ம ரெஸ்யூமை. அதுல 'சப்போர்ட்'னு இருந்தா, பெரும்பாலும் மறுபடி சப்போர்ட் சீட்டுதான் நீட்டுவான். புது வேலையை நம்பிக் குடுக்கிறவங்க, நம்மளைக் கண்ணால பார்த்தவங்கதான். பி.எஃப். கணக்கை மாத்துற அலைச்சல் இல்லை, கிராஜுவிட்டிக்கான 5 வருஷக் கணக்கு அறுந்துபோகாதுங்கிறதும் கூடுதல் லாபம்.

'ஒரே கம்பெனியில இருந்தா வளர்ச்சி ஏது?'னு கேட்கிறவங்களுக்கு ஒரு பேர்: என்.சந்திரசேகரன். நாமக்கல் பக்கம் மோகனூர்க்காரர். திருச்சி ஆர்.இ.சி.யில எம்.சி.ஏ. முடிச்சு, 1987-ல டி.சி.எஸ்.ல சேர்ந்தார். 2009-ல அதுக்கே சி.இ.ஓ., 2017-ல டாடா சன்ஸ் சேர்மன். நாம எல்லாரும் சேர்மன் ஆகப் போறதில்லை. ஆனா ஒரே கட்டடத்துக்குள்ளேயும் ரொம்ப தூரம் போகலாம்ல?

அடுத்த சிக்கல், மேனேஜர். அப்ளை பண்ணிட்டுச் சொல்றதா, சொல்லிட்டு அப்ளை பண்றதா? பல இடங்கள்ல அப்ளை பண்ணின உடனே மேனேஜருக்கு மெயில் போயிடும். மெயில் பார்த்து அவர் தெரிஞ்சுக்கிறதை விட, நம்ம வாயால கேட்கிறது மரியாதை. அக்கா 'இந்த வேலை பிடிக்கலை'னு ஆரம்பிக்கலை. "சார், அந்த டீமுக்கு ட்ரை பண்றேன். செலக்ட் ஆனா, ஆறு வாரத்துல என் இடத்துக்கு ஒருத்தரைத் தயார் பண்ணிக் குடுத்துடுறேன்"னு சொன்னா.

"ஏம்மா, கிளையன்ட் உன் பேரைச் சொல்லித்தானே கேட்கிறான்? அடுத்த குவார்ட்டர்ல பார்க்கலாமே!"

இதாங்க வேடிக்கை. நல்லா வேலை செய்றவங்களைத்தான் சுலபமா விடமாட்டாங்க. 'பார்க்கலாம்'ங்கிறது தேதி இல்லை. அக்கா தேதி கேட்டா, அதையும் மெயில்ல வாங்கினா. மார்ச்சோட அப்ரைசல் வருஷம் முடியுது. நடுவுல மாறினா, பழைய மேனேஜர் 'போயிட்டாளே'ம்பார், புது மேனேஜர் 'இப்போதானே வந்தா'ம்பார். ரேட்டிங் அம்போ! அதனால ரேட்டிங் முடிஞ்சு ஏப்ரல்ல போறதா பேச்சு. அந்தத் தேதி தள்ளிப்போய், ஜூன்லதான் ஆறாவது மாடி.

நடுவுல ஒரு ஐடியா குடுத்தாங்க, 'புராஜெக்ட்ல இருந்து ரிலீஸ் வாங்கிட்டு வெயிட் பண்ணு'னு. அக்கா அசையலை. புது டீம் தேதியை எழுத்துல உறுதி பண்ணாம பழைய சீட்டை விட்டா, போய்ச் சேர்ற இடம் பெஞ்ச். அரசனை நம்பி புருஷனைக் கைவிட்ட கதை!

இப்போ 5,500 ரூபாய் குறைஞ்சதுதான். வாங்கறதா இருந்த ஸ்கூட்டி தள்ளிப்போச்சு. ஆபீஸ்ல எல்லாரை விடவும் குறைவா தெரிஞ்ச ஆள் இவதானாம். அதைச் சொல்லும்போது முகத்துல ஒரு சிரிப்பு வேற.

இந்தக் கணக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி வரும். கடன் கழுத்தை நெரிச்சா, இன்னும் ஆறு மாசம் அதே சீட்ல உட்கார்றதும் சரியான முடிவுதான். ஆனா அது நீங்களா வெச்ச தேதியா இருக்கட்டும்.

பிளேஸ்மென்ட் சீஸன் வருது. இன்டர்வியூ முடிவுல, 'எதுவும் கேட்கணுமா?'ம்பாங்க. வழக்கமா 'நோ சார்'னு எழுந்து வந்துடுவோம். இந்தத் தடவை ஒண்ணு கேட்டுட்டு வாங்களேன்: "சார், உள்ளேயே வேற டீமுக்கு மாற எத்தனை மாசம் ஆகும்?"