பூட்டிய செல்பேசி

விலை முழுவதையும் செலுத்தி முடித்த பிறகும் ஒரு செல்பேசி ஏன் ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்க வேண்டும்? அமெரிக்காவில் வாழும் உறவினர் என் ஆய்வுத் தோழிக்குத் தந்த பழைய ஐபோன் ஐதராபாத்தில் எந்த சிம்மையும் ஏற்காமல் கிடந்தபோது இக்கேள்வி எங்கள் தேநீர் மேசைக்கு வந்தது.

பொறிமுறை எளிது. ஒவ்வொரு சிம்மிலும் 15 இலக்கம் வரை நீளும் அடையாள எண் உண்டு. முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை (இந்தியாவுக்கு 404, 405). அடுத்த இரண்டோ மூன்றோ நிறுவனத்தைக் குறிப்பவை. பூட்டிய கருவி இவற்றைப் படித்து, அனுமதிக்கப்பட்டவை அல்ல எனில் மறுத்துவிடும். முன்னொட்டைப் பார்த்தே சொல்லை ஒதுக்கும் இலக்கணம் ஒன்றை யாரோ எழுதிவைத்ததுபோல. கருவியில் பழுதேதும் இல்லை.

காரணம் கடன். 2008-இல் 8 ஜிபி ஐபோன் 3ஜி அமெரிக்காவில் 199 டாலர். இந்தியாவில் 31,000 ரூபாய். அங்கே எஞ்சிய விலையை ஏடி அண்ட் டி நிறுவனம் தானே ஏற்று, ஈராண்டு ஒப்பந்தத்தின் மாதக் கட்டணத்தில் மீட்டுக்கொண்டது. ப்ரீபெய்டு பயனர்களே மிகுந்த இந்தியாவில் அவ்வாறு மீட்க வழியில்லை.

ஆனால் கடனை மீட்க ஒப்பந்தமே போதும். இடையில் விலகுவோருக்குத் தண்டத்தொகை உண்டு. பூட்டு செய்வது வேறு வேலை. வெளிநாடு செல்பவரை உள்ளூர் சிம் போடவிடாமல் ரோமிங் கட்டணம் செலுத்த வைக்கிறது. கருவியை விற்றால் வாங்கியவரையும் அதே நிறுவனத்திடம் கொண்டு சேர்க்கிறது. தமிழில் 'பூட்டு' என்னும் வினை கதவுக்கும் உரியது, ஏருக்கும் உரியது. இங்கே பொருந்துவது இரண்டாவது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2013 ஜனவரிக்குப் பின் வாங்கிய செல்பேசியின் பூட்டை நிறுவனத்தின் இசைவின்றித் திறப்பது அமெரிக்காவில் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றமாயிற்று. (நூல்களைக் காக்கப் பிறந்த சட்டம் சிம் துளைக்குக் காவல் நின்ற விந்தை!) இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனு அளித்தனர், 2014 ஆகஸ்டில் தனிச்சட்டம் அதை மாற்றியது. பூட்டிய கருவிகளை விற்பதைக் கனடா 2017-இலும் பிரிட்டன் 2021-இலும் நிறுத்தின.

இந்தியாவில் இது நமக்கில்லாத தொல்லை என்று கருதுவோர், பெரும்பாலும் முழு விலையையும் ஒரே முறையில் கொடுக்க இயன்றவர்கள். 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் தந்த சிடிஎம்ஏ கருவிகள் வேறு வலையமைப்பில் பேசா. விருப்பப்படி நிறுவனம் மாறினாலும் எண்ணை வைத்துக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரியில் நாடெங்கும் வந்தது; எண் நகர்ந்தது, அக்கருவிகள் நகரவில்லை. 2017-இன் ஜியோபோனுக்கு 1,500 ரூபாய் வைப்புத்தொகை, ஒரே வலையமைப்பு. முதன்முதலாக இணையத்தைத் தொட்டவர்களின் கையில்தான் பூட்டு இருந்தது.

இப்போது வேறொரு பூட்டு வந்திருக்கிறது. தவணையில் விற்கும் செல்பேசிகள் சிலவற்றில் ஏற்றப்படும் செயலி, தவணை தவறினால் கருவியைத் தொலைவிலிருந்தே முடக்கிவிடும். எங்கள் விடுதிச் சமையற்கூட ஊழியர் ஒருவரின் செல்பேசி சென்ற மாதம் அவ்வாறு முடங்கியது. மறுநாளே சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. அதைச் செலுத்துவதற்கான யுபிஐ செயலியோ, பூட்டிய கருவிக்குள் இருந்தது.