பனியாற்றின் முன்னால் ஒரு மணி நேரம்

"உம்மா, அந்தத் துணிச் சப்பாத்தை நம்பி அலாஸ்காவுக்குப் போகாதீங்க" என்று வான்கூவரில் இருக்கும் என் மகள் மூன்று தடவை சொன்னாள். நான் கேட்கவில்லை. நுவரெலியாவின் ஜனவரிக் குளிரிலேயே அந்தச் சப்பாத்தோடு நடந்தவள் என்ற எண்ணம் எனக்கு. அந்தப் பிடிவாதத்துக்கு நான் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

2024 ஜூனில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன நாங்கள், ஹஜ்ஜுப் பெருநாளை மகள் வீட்டில் கழித்துவிட்டு அடுத்த வாரம் கப்பல் ஏறினோம். ஏழு நாள் பயணம். வான்கூவரில் புறப்பட்டு, அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரமாக ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, கெச்சிகன் என்று சுற்றி மீண்டும் வான்கூவருக்கே திரும்புவது. செலவு மருமகனுடையது. எனக்கு மனசில்லை. ஆனால் என் கணவர் இருபத்தெட்டு வருடம் புவியியல் படிப்பித்தவர். பனியாறு என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை கீறிக் காட்டியவர், ஒன்றையாவது கண்ணால் கண்டதில்லை. அவருக்காகச் சம்மதித்தேன். ஊருக்கு வந்த பிறகு, கனடாவில் பிள்ளைகள் இருக்கும் உம்மாமார் சிலர் "எப்படிப் போனீங்க, என்ன கொண்டு போனீங்க?" என்று விசாரித்ததால் இதை எழுதுகிறேன்.

முதலில் கடதாசி விஷயம். அலாஸ்கா அமெரிக்காவின் மாநிலம். கப்பல் கனடாவில் புறப்பட்டாலும் நமது கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். திரும்பக் கனடாவுக்குள் வருவதால் கனடா விசா எத்தனை தடவை நுழைய இடம் தருகிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். இவை கையில் வராமல் கப்பலுக்குக் காசு கட்டாதீர்கள். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிவிடுவார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சில மணி நேரமாகும். ஆகவே மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுடுப்பு ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் ஒவ்வொரு நாளும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். கடைசி நாளில் திடுக்கிட வேண்டாம்.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. பல்கனி வைத்த அறைதான் வேண்டும் என்று பலர் சொல்வார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஜன்னலே இல்லாத உள்ளறை. பனியாற்றின் முன்னால் கப்பல் மெதுவாகத் திரும்பி இரண்டு பக்கத்தாருக்கும் காட்டுகிறது. மேல்தட்டில் நின்றால் எல்லாம் தெரியும். மிச்சமாகும் காசைக் கரையில் செலவழிப்பது நல்லது. பாதையும் பெரும்பாலும் தீவுகளுக்கு இடையில் ஒதுக்கமாகப் போவதால் அலை குறைவு. திறந்த கடலைக் கடக்கும் சில மணி நேரம் மட்டும் எனக்குத் தலை சுற்றியது. ஒரு துண்டு இஞ்சியோடு சமாளித்தேன்.

உடுப்புத்தான் பெரிய விஷயம். ஜூன், ஜூலையில் துறைமுக ஊர்களில் பகலில் பத்து முதல் பதினெட்டு பாகை வரை இருக்கும். அது நமக்குத் தாங்கக்கூடியதே. பனியாற்றுக்கு அருகே போகும்போதுதான் காற்று எலும்புக்குள் இறங்குகிறது. தடித்த கோட் ஒன்றை விட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது. உள்ளே உடலோடு ஒட்டிய கம்பளி உடுப்பு, நடுவில் ஸ்வெட்டர், வெளியே மழையும் காற்றும் புகாத ஜெக்கட். பருத்தி வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, உடல் சூட்டையும் உறிஞ்சிவிடும். அபாயா அணியும் சகோதரிகள் முழங்காலுக்குக் கீழே நிற்கும் நீளத்தில் ஒன்றும், உள்ளே தடித்த களிசானும் வைத்துக்கொள்ளுங்கள். தரையைத் தொடும் அபாயா ஈரத்தை உறிஞ்சி, கப்பல் படியில் காலைத் தடுக்குகிறது. ஸ்கார்பை ஊசியை நம்பிக் குத்தினால் காற்று பிடுங்கிவிடும். உள்ளே காதை மூடும் கம்பளித் தொப்பி போட்டு, ஸ்கார்பின் நுனிகளை ஜெக்கட்டுக்குள் செருகிவிட்டால் நாள் முழுக்கக் கவலையில்லை. வுழூவுக்குப் பிறகு கால் விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்த பின்பே சொக்ஸ் போடுங்கள். குஃப் அணிந்து மஸ்ஹு செய்யும் சட்டத்தைப் போகுமுன் ஓர் ஆலிமிடம் கேட்டுப் படித்துக்கொண்டால் குளிரில் பெரிய உதவி.

ஜூனோ அலாஸ்காவின் தலைநகர். ஆனால் வெளியூர்களிலிருந்து அங்கு போகத் தெருவே கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான். 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் வருவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். ஐந்தே அந்தச் சிறு நகரத்துக்கு அதிகம் என்று எனக்குப் பட்டது. ஹெலிகொப்டரில் ஏறிப் பனியாற்றின் மேலேயே இறங்கலாம். விலையைக் கேட்டதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலநிலை சரியில்லாவிட்டால் அந்தப் பயணம் நின்றும் போகும். நாங்கள் பஸ்ஸில் சுமார் 12 மைல் போய் மெண்டன்ஹால் பனியாற்றைப் பார்த்தோம். மலைகளுக்கு இடையிலிருந்து அகன்ற வெள்ளைப் பாதை ஒன்று இறங்கி வந்து ஏரியில் முடிவது போலிருந்தது. நூறு வருடத்துக்கு முன் இந்த ஏரியே அங்கு கிடையாது. பனி பின்வாங்கிய பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் இது. 1962 இல் கட்டிய பார்வையாளர் நிலையத்திலிருந்து பார்த்தால், அன்று கிட்டத்தில் நின்ற பனி இன்று எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது புகைப்படங்களை ஒப்பிட்டாலே விளங்குகிறது.

பார்க்க அமைதியான அந்த இடத்தால் ஊருக்கு ஆபத்தும் இருக்கிறது. பனியாற்றின் பக்கவாட்டில் ஒரு பள்ளத்தாக்கு. உருகும் நீரும் மழையும் அதில் சேர, பனியே அணையாக நிற்கும். ஒரு நாள் தண்ணீர் பனிக்கு அடியால் வழி கண்டு மொத்தமாகப் பாயும். 2023 ஓகஸ்டில் அப்படிப் பாய்ந்து ஆற்றங்கரையில் வீடு இடிந்து விழுந்தது. நாங்கள் திரும்பிய இரண்டாம் மாதம், 2024 ஓகஸ்டில், இன்னும் பல வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2025 ஓகஸ்டிலும் வெள்ளம் வந்தது. நாங்கள் பஸ்ஸிலிருந்து பார்த்துப் போன பூந்தோட்ட வீடுகள் என் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன.

அங்கிருந்து ஒரு மைல் அளவு நடந்தால் பெரிய நீர்வீழ்ச்சி. பாதை மட்டமானது, வயதானவர்களும் நடக்கலாம். தூறலும் நீர்வீழ்ச்சியின் சாரலும் சேர்ந்து என் துணிச் சப்பாத்தைப் பிழிந்தெடுக்கும் அளவுக்கு நனைத்துவிட்டன. அறையில் தொங்கவிட்டேன். காயவில்லை. மாற்றுச் சப்பாத்து கொண்டு போகவுமில்லை.

தொழுகை நேரம் பற்றிப் பலர் கேட்டார்கள். ஜூன் கடைசியில் ஜூனோவில் சூரியன் இரவு பத்து மணிக்குப் பிறகே மறைகிறது. விடியற்காலை நாலு மணிக்கு முன்பே உதித்துவிடுகிறது. இடையில் முழு இருட்டு வருவதே இல்லை. இஷாவுக்கும் ஸுப்ஹுக்கும் எந்தக் கணக்கைப் பின்பற்றுவது, பயணியின் ஜம்உ, கஸ்ர் எப்படி என்பதை மருமகன் தன் பள்ளி இமாமிடம் கேட்டு எழுதித் தந்திருந்தார். கிப்லாவில் இன்னோர் ஆச்சரியம். இலங்கையில் மேற்குப் பக்கம் நோக்கியே பழகிய எங்களுக்கு, ஜூனோவில் அது ஏறக்குறைய நேர் வடக்கு! மக்காவின் நெடுங்கோட்டுக்குப் பூமியின் மறுபுறத்தில் கிட்டத்தட்ட எதிராக இந்த ஊர் இருப்பதால், குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது என்று என் கணவர் ஒரு தோடம்பழத்தை எடுத்து விளக்கினார். இரும்புக் கப்பலுக்குள் திசைகாட்டியை முழுதாக நம்ப முடியாது. அறைத் தொலைக்காட்சியில் கப்பல் போகும் திசையைக் காட்டும் வரைபடம் வரும். அதைப் பார்த்து விரிப்பைத் திருப்பிக்கொண்டோம்.

சாப்பாட்டுக்கு முன்பதிவின் போதே ஹலால் தேவை என்று எழுதிக் கொடுங்கள். கப்பலுக்குக் கப்பல் ஏற்பாடு வேறுபடும். நாங்கள் பெரும்பாலும் மீனோடு நின்றோம். சமன் மீன் அங்கே தாராளம். ஆனால் மீனின் மேல் ஊற்றும் குழம்பில் வைன் கலந்திருக்கலாம், புடிங்கில் ஜெலட்டின் இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் கேட்க வெட்கப்பட வேண்டாம். மூன்றாம் நாள் என் கணவர் மகள் தந்த சீனிச் சம்பல் போத்தலைத் திறந்தார். அதற்குப் பிறகு கப்பல் சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. பழம், இறைச்சி போன்றவற்றைக் கரைக்குக் கொண்டு இறங்க மட்டும் கூடாது.

ஸ்காக்வேயில் மலை ரயில். 1896 இல் கனடாவின் குளொண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்தது. அதைத் தேடி ஆயிரக்கணக்கானோர் இந்தக் கணவாயால் ஏறினார்கள். ஒரு வருடத்துக்கு வேண்டிய சாமானோடு, ஏறக்குறைய ஒரு தொன், வராதவனை எல்லையில் கனடாப் பொலிஸார் விடவில்லையாம். சுமை தாங்காமல் மூவாயிரம் அளவு குதிரைகள் அந்தப் பாதையில் செத்தன. 1898 இல் தொடங்கி 1900 இல் முடித்த ரயில் பாதை, மூன்றடி அகலத் தண்டவாளத்தில், இருபது மைலுக்குள் கிட்டத்தட்ட 3000 அடி ஏறுகிறது. ஏறும்போது இடப்பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். எல்லை தாண்டும் பயணமானால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று: சுற்றுலாவைக் கப்பல் மூலம் பதிந்தால், நீங்கள் பிந்தினாலும் காத்திருப்பார்கள். வெளியே மலிவாகப் பதிந்தால் கப்பல் காத்திராது. அலாஸ்கா நேரம் வான்கூவரை விட ஒரு மணி பின்னால். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் கிளேசியர் பே. அங்கே இறங்குவதில்லை. தேசியப் பூங்காவின் காவலர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டே பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. 1794 இல் கப்டன் வான்கூவரின் ஆட்கள் இந்த வழியாக வந்தபோது குடா ஐந்து மைல் அளவுதான் உள்ளே போனதாம். அதற்கப்பால் பனிச்சுவர். 1879 இல் ஜோன் மியூர் வந்து பார்த்தபோது பனி நாற்பது மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல் அறுபது மைலுக்கு மேல் உள்ளே போகிறது. அதற்கும் முன்னால், பனி முன்னேறி வந்த காலத்தில், இங்கே குடியிருந்த ஹூனா டிலிங்கிட் மக்கள் ஊரை விட்டு ஓட நேர்ந்தது. ஆகவே இந்தப் பனி மனிதர்களைத் துரத்தியும் இருக்கிறது.

என் கணவருக்கு அன்று காலையே பெருநாள். குடாவின் வாயிலில் அடர்ந்த காடு. உள்ளே போகப் போக மரம் சிறுத்து, புதராகி, கடைசியில் வெறும் பாறை. "பார், பனி விட்டுப் போன வரிசைப்படி மண் வயது குறையுது. புத்தகத்தில் இருபது பக்கம் எழுதினதை இஞ்ச அரை நாளில் பார்க்கலாம்" என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு சீனக் கிழவருக்கும் தமிழிலேயே விளக்கினார். அவரும் தலையாட்டினார்.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றது. சுமார் ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேலே 250 அடி அளவு உயரம். நிறம் வெள்ளையல்ல, நீலம். நெருங்கி இறுகிய பனிக்கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நீலம் தெரிகிறதாம். வானம் மூடிய நாளில் அந்த நீலம் இன்னும் நன்றாகத் தெரியும். ஆகவே வெயில் இல்லையென்று மனம் சோர வேண்டாம். இங்கே ஒரு மணி நேரம்தான் நிற்பார்கள். முந்திய நாலு நாள் ஆயத்தமும் இந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. ஈரச் சப்பாத்துக்குள் என் கால்விரல்கள் விறைத்துவிட்டன. இருபது நிமிடம் பொறுத்தேன். "சொக்ஸ் மாத்திட்டு ஓடி வாறன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

ஜன்னலில்லாத அறையில், ஒரு காலில் சொக்ஸும் மறு காலில் துவாயுமாக உட்கார்ந்திருந்தபோது இடி இடித்தது போல் ஒரு சத்தம். கட்டிலின் இரும்பு அதிர்ந்தது. டிலிங்கிட் மக்கள் இதை வெள்ளை இடி என்று சொல்வார்களாம். நான் மேலே ஓடி வந்தபோது அலை அடங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்க உடைந்த பனி. என் கணவர் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கெமரா கழுத்தில் தொங்கியது. படம் எடுக்கவில்லை. "என்ன நடந்த?" என்றேன். "விழுந்திட்டு" என்றார். அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடம் பேசியே பிழைத்த மனிதர்.

பார்க்கப் போகிறவர்களுக்கு அவர் பிறகு சொன்ன ஒரு குறிப்பு: சத்தம் கேட்டுத் திரும்பினால் துண்டு விழுந்துவிட்டிருக்கும். ஒளி முந்தி வரும், ஒலி பிந்தி வரும். ஆகவே ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து, சிறு கட்டிகள் உதிரும் பக்கமாகப் பார்வையை வைத்துக்கொண்டு, பேசாமல் நிற்க வேண்டும். ப்ளாஸ்க்கில் சூடான பிளேன்டீ, கையுறை, இருகண் நோக்கி எல்லாம் முதலிலேயே மேலே இருக்க வேண்டும். கடதாசிக் கோப்பையோ பொலித்தீன் பையோ காற்றில் பறந்து கடலில் விழக் கூடாது என்பதில் அங்கே கண்டிப்பு.

மிச்ச நேரம் நாங்கள் அசையவில்லை. பெரிதாக ஒன்றும் விழவில்லை. ஆனால் கப்பல் மௌனமாக நின்றபோது மிதந்த கட்டிகளிலிருந்து சோடாப் போத்தல் திறந்தது போல் சிறு வெடிப்பும் சீறலும் கேட்டது. பனிக்குள் பல காலம் அடைபட்டிருந்த காற்று, கட்டி கரையக் கரைய வெளியேறுகிறதாம். ஒரு கட்டியின் மேல் கடல்நாய் ஒன்று குட்டியோடு படுத்துக் கிடந்து எங்களைப் பார்த்தது.

கெச்சிகனில் வழக்கம் போல் மழை. வருடத்தில் 140 அங்குலத்துக்கு மேல் பெய்யும் ஊர். அங்கே உயரமான மரத்தூண்களில் பறவையும் கரடியும் செதுக்கியிருப்பதைக் கண்டு முதலில் நான் தயங்கினேன். அவை வணங்குவதற்கானவை அல்ல. குடும்பங்களின் கதையையும் உரிமையையும் சொல்பவை என்று அங்குள்ள பெண்ணொருவர் பொறுமையாக விளக்கினார். பிறகு ஒரு கடைக்குள் நுழைந்து நீர் புகாத சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். கப்பல் வான்கூவர் திரும்ப இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சப்பாத்து மகள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அளவு 38. வான்கூவர் போகும் சகோதரிகள் யாருக்காவது பொருந்தினால் கேட்டு வாங்கிப் போகலாம்.