புண் வந்த வழி

புதுச்சேரி குபேர் மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர், வலது கையைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் லேபுக்கு வந்தார். டாக்டர் கொடுத்த சீட்டில் ‘விரல் புண், சீழ் கல்ச்சர்’ என்று மட்டும் இருந்தது. துணியைப் பிரித்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் ஊதா நிறத்தில் தடித்த புண். சீழ் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் மணிக்கட்டைத் தாண்டி முன்கை வரைக்கும், நூலில் கோத்தது போல மூன்று சின்னக் கட்டிகள்.

“எத்தனை நாளாச்சுக்கா?”

“ஒன்றரை மாசம் இருக்கும் தம்பி. கெளுத்தி அலசும்போது முள்ளு குத்திச்சு. கடையில மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன், மஞ்சப் பத்தும் போட்டுப் பார்த்தேன். ஆறவே மாட்டேங்குது.”

கெளுத்தி முள், ஒன்றரை மாதம். சீட்டில் இல்லாத இந்த இரண்டும் அன்று என் வேலையையே மாற்றிவிட்டன.

வழக்கமாகச் சீழ் வந்தால் ரத்த அகாரிலும் மெக்கான்கி அகாரிலும் இழுத்து, 37 டிகிரி இன்குபேட்டரில் வைப்போம். மறுநாள் பார்ப்போம். இரண்டு நாளிலும் ஒன்றும் முளைக்காவிட்டால் ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதி அனுப்புவோம். இந்த விரலுக்கும் அப்படியே செய்திருந்தால் அந்தப் பதில்தான் போயிருக்கும். மீன் முள்ளோடும் தண்ணீரோடும் வரும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி, காசநோய்க் கிருமியின் நெருங்கிய சொந்தம். அதற்குப் பிடித்த சூடு சுமார் 30 டிகிரி. 37 டிகிரியில் சரியாக வளராது. உடம்புக்குள் இறங்காமல் சூடு குறைந்த விரல்களிலும் கைகளிலும் அது தங்கிவிடுவதற்கும் அதுவே காரணம். கண்ணுக்குத் தெரிய ஒன்றிரண்டு வாரமாவது வேண்டும், சில சமயம் நான்கு வாரமும் ஆகும்.

டாக்டருக்குப் போன் செய்தேன். பஞ்சுக் குச்சியில் தடவினால் போதாது, புண் ஓரத்திலிருந்து ஒரு துளி சதை வேண்டும் என்றேன். மறுநாளே எடுத்து அனுப்பினார். முட்டை கலந்து செய்யும் பச்சை நிற லோவன்ஸ்டைன்-ஜென்சன் புட்டிகள் இரண்டில் போட்டு, ஒன்றை 37-லும் மற்றொன்றைப் பழைய இன்குபேட்டரை 30-க்குத் திருப்பி அதிலும் வைத்தேன். மூன்றாவது வாரம் 30-ல் இருந்த புட்டியில் வெளிறிய துகள்கள் தெரிந்தன. மற்றதில் ஒன்றுமில்லை. அந்தப் புட்டியைக் கொஞ்ச நேரம் விளக்கு வெளிச்சத்தில் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தேன். மறுநாள் காலையில் எடுத்தால், துகள்கள் எலுமிச்சம்பழ மஞ்சளாக மாறியிருந்தன. இருட்டில் வெளுத்திருந்து, வெளிச்சம் பட்டதும் மஞ்சளாவது இந்தக் கிருமியின் குணம். பக்கத்து அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த மஞ்சளை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது. உறுதிப்படுத்தப் பெரிய லேபுக்கு அனுப்பினோம். அக்கா மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார், விரல் ஆறியது.

அதே முள் வேறொரு கிருமியையும் கொண்டுவரும். விப்ரியோ வல்னிஃபிகஸ், வெதுவெதுப்பான கடல் நீரில் வாழ்வது. கல்லீரல் கெட்டவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் அது தாக்கினால், காலில் ரத்தக் கொப்புளம் கிளம்பி, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அது அகார் தட்டில் முளைக்கும்வரை காத்திருக்க முடியாது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் வேலை செய்பவர் கொப்புளத்தோடு வந்தார் என்று தெரிந்தால், சாம்பிளைக் கையில் வாங்கியவுடனே டாக்டரைக் கூப்பிட்டுவிடுவேன்.

சீழ் எடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதித் தவறு அங்கேதான் நடக்கிறது. புண்ணின் மேலே வழிகிற சீழைத் தொட்டு அனுப்புவது சுலபம். அதில் இருப்பவர்கள் தோலில் குடியிருப்பவர்களும் வழிப்போக்கர்களும். வாசலில் நிற்கிறவர் எல்லாரையும் வீட்டுக்காரர் என்று எழுதிக்கொள்வது போல ஆகிவிடும். முதலில் சலைன் விட்டு நன்றாகக் கழுவ வேண்டும். செத்த தோலை டாக்டர் நீக்கிய பிறகு, சிவந்த நல்ல சதையில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் குச்சியை அழுத்தி உருட்ட வேண்டும், உள்ளிருந்து ஈரம் கசியும் அளவுக்கு. சர்க்கரைப் புண்ணாக இருந்தால் சதைத் துணுக்கே மேல். அந்தக் கால்களில் ஒரே தட்டில் நாலைந்து இனம் முளைக்கும். அத்தனைக்கும் மருந்து எழுதச் சொல்லி அறிக்கை கொடுப்பது நல்லதல்ல என்பது என் கருத்து.

யார் உண்மையான குற்றவாளி என்று முதலில் சொல்வது கிராம் சாயம். 1884-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த அதே ஊதாவும் அயோடினும்தான் இன்றும். சீழ் அணுக்களின் வயிற்றுக்குள்ளேயே கிருமி விழுங்கப்பட்டுக் கிடந்தால், உடம்பு அதோடு போராடியிருக்கிறது என்று அர்த்தம். சீழ் அணுவே இல்லாமல் கிருமிகள் மட்டும் மொய்த்தால், மேலோட்டமாக எடுத்த சாம்பிள் என்று நினைத்துக்கொள்வேன். திராட்சைக் குலை போல உருண்டைகள் என்றால் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ். வெட்டுக்காயத்திலும் தையல் போட்ட இடத்திலும் அதுதான் அதிகம்.

தீக்காயக் கட்டில் பச்சை நீலம் படிந்தால் சூடோமோனாஸ். 1882-ல் கார்ல் ஜெஸார் என்ற பிரெஞ்சு ராணுவ மருந்தாளர், காயக்கட்டுத் துணிகளில் ஏறிய அந்த நீலத்தைத் துருவிப் போய்த்தான் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். எங்கள் தெருப் பெயர்ப் பலகைகளில் இன்னும் பிரெஞ்சு இருக்கிறது. பச்சைத் தட்டைப் பார்க்கும்போது எனக்கு ஜெஸார் ஞாபகம் வரும். அது பழுத்த திராட்சை வாசனை அடிக்கும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் மூடியைத் திறந்து முகர்ந்தே பெயர் சொல்வார். நான் அதைச் செய்வதில்லை, வருகிறவர்களையும் செய்ய விடுவதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

விரல் முட்டியில் சின்ன வெட்டோடு இளைஞர்கள் வருவார்கள். ‘கதவுல இடிச்சுக்கிட்டேன்’ என்பார்கள். வீங்கியிருக்கும், வலியில் துடிப்பார்கள். தனியாக அழைத்து மெதுவாகக் கேட்டால், எதிராளியின் பல்லில் குத்தியது வெளியே வரும். அது மனிதக் கடிக்குச் சமம். வாயில் வாழும் ஐகெனெல்லா என்ற கிருமிக்குக் கரியமில வாயு வேண்டும், பொறுமையும் வேண்டும். ஜாடிக்குள் தட்டை அடுக்கி மெழுகுவர்த்தி ஏற்றி மூடுவோம். சுடர் தானாக அணையும்போது தேவையான வாயு சேர்ந்திருக்கும். இரண்டு நாள் கழித்து, அகாரைக் குழித்துக்கொண்டு சின்னச் சின்னதாய் உட்கார்ந்திருக்கும். வழக்கமாக எழுதும் கிளிண்டாமைசினுக்கு அது அசையாது.

என்னை மிகவும் வருத்திய தட்டு வேறு. நான் இளையவனாக, வேறொரு இடத்தில் வேலை பார்த்த காலம். கார்த்திகை மழை. பாகூர்ப் பக்கத்து விவசாயி, சர்க்கரை நோயாளி, தொடையில் கட்டி. சீட்டில் வயதும் ‘சீழ்’ என்ற சொல்லும் தவிர எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காய்ந்து சுருங்கிய தோல்போல வளர்ச்சி. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்கவில்லை, அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்கியது. சாதாரண சூடோமோனாஸ் நடந்துகொள்வதற்கு நேர் எதிர். அதைப் பார்த்தும் ‘சூடோமோனாஸ் இனம், வெளிக்கலப்பாக இருக்கலாம்’ என்று எழுதினேன். இரண்டு மாதம் கழித்து அவர் கடும் காய்ச்சலோடு வேறிடத்தில் சேர்ந்ததும், அங்கே மெலியாய்டோசிஸ் என்று தெரிந்ததும் பிறகுதான் காதுக்கு வந்தது.

1911-ல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரோடு சேர்ந்து அந்த நோயை முதலில் இனம் கண்டவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. நம் பெயருள்ள ஒருவர் கண்டதை, நெல் வயல் சூழ்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் தவறவிட்டேன். அந்த நோயின் கிருமியான பர்கோல்டெரியா சூடோமல்லை ஈர மண்ணில் வாழ்கிறது, மழைக்காலத்தில் தோல் வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ ஏறுகிறது. செஃப்டாசிடிம் ஊசி, அதற்குப் பின் மூன்று மாதமாவது கோட்ரிமாக்சசோல். பாதியில் விட்டால் திரும்ப வரும். மூச்சு வழியாகவும் தொற்றும் என்பதால்தான் தட்டை முகர விடுவதில்லை. சந்தேகம் வந்தால் மூடியைப் பாதுகாப்புப் பெட்டிக்குள்தான் திறப்போம்.

அன்றிலிருந்து நான் வேலை செய்த இடங்களில் சீட்டின் பின்பக்கம் மூன்று கேள்வி எழுதி வைக்கிறேன். எதனால் பட்டது, எத்தனை நாள், என்ன தொழில். பாதிப் பேர் நிரப்ப மாட்டார்கள். அதனால் நானே எழுந்து போய்க் கேட்டுவிடுவேன்.

இன்றைக்கு மழை பிடித்து நான்காம் நாள். காலையில் வந்த சீட்டில் ‘கால் புண்’ என்று மட்டும் இருந்தது. வெளியே பெஞ்சில், வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய பெரியவர் உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் சேறு இன்னும் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எந்த ஊருங்கய்யா? நடவு ஆயிடுச்சா?”