வோல்ட் இருக்கிறது, லைன் இல்லை

கோபிக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையில் இருக்கிறது அந்தத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் செயலாளர் என்னைப் பின்னறைப் பக்கம் விட்டார். நியாயம்தான். மஞ்சளுக்கு உரம் வாங்கவும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கவும் சுற்றுவட்டார மக்கள் அடகு வைத்த நகைகள் இரும்புக் கதவுக்குப் பின்னால் பைகளில் சீட்டுக் கட்டிக் கிடக்கின்றன. அந்த அறைக்கு அலாரம் ஏற்கெனவே உண்டு. கதவில் காந்த சென்சார், மூலையில் ஆள் அசைவைப் பிடிக்கும் பிஐஆர், பெட்டகத்தில் அதிர்வு சென்சார், வெளியே ஹூட்டர். இத்தனைக்கும் வெளியுலகத்தோடு பேச இருந்த ஒரே வழி தரைவழித் தொலைபேசி. அந்த வழி அடைபட்டால் செல்போன் வலைப்பின்னல் வழியாகச் சேதி சொல்ல, சிம் போட்ட துணைக் கருவி ஒன்றை மாட்டும் வேலை. அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

மாட்ட வந்தவர்கள் இருவர். மூத்தவர் தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உதவியாக ஐடிஐ முடித்த ஒரு பையன். மூன்றாவது ஆள் அங்கே இல்லை. கோவையில் ஓர் அலுவலகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் அவர். இந்த வேலையின் முக்கால் பங்கை அங்கிருந்தபடியே முடிக்கப்போகிறவர். பெரியவர் அவரை "அம்மிணி" என்று கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் போடப்பட்டு மேசைமேல் கிடந்தது.

துணைக் கருவியின் வேலை, கேட்க எளிது. வெளியிலிருந்து வரும் லைன் முதலில் இதற்குள் நுழையும், இதிலிருந்துதான் அலாரம் பேனலுக்குப் போகும். போன் கீழே வைத்திருக்கும்போது லைனில் ஏறத்தாழ 48 வோல்ட் நிற்கும். கருவி அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். யாராவது கம்பியை வெட்டி, வோல்ட் இறங்கிவிட்டால், பேனலுக்கு டயல் டோனைத் தானே கொடுத்துப் பேச்சைத் தன் பக்கம் வாங்கி, சிம் வழியாக அனுப்பிவிடும். பேனலுக்குத் தான் எக்ஸ்சேஞ்சோடு பேசவில்லை என்பதே தெரியாது.

செப்புக் கம்பி இருந்தவரை இதில் குழப்பமில்லை. அந்த 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சில் வரிசையாக நிற்கும் பேட்டரிகளிலிருந்து வந்தது. ஊரே இருண்டாலும் போன் வேலை செய்ததற்குக் காரணம் அதுதான். வோல்ட் இருந்தால் கம்பி அறுபடவில்லை என்று அர்த்தம். இப்போது இந்தச் சங்கத்துக்கு வருவது பைபர். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. சுவரில் மாட்டிய மோடம்தான் உள்ளூர்க் கரண்டை வாங்கி அந்த வோல்ட்டைத் தயாரித்துக் கொடுக்கிறது.

பெரியவர் மீட்டரை லைனில் வைத்துக்கொண்டு, பையனிடம் மோடத்தின் பச்சைக் கனெக்டரைப் பிடுங்கச் சொன்னார். இழை கழன்றது. மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னியது. மீட்டர் அசையவில்லை. பழைய வோல்ட் அப்படியே நின்றது. ரிசீவரை எடுத்து என் காதில் வைத்தார். டயல் டோன் இல்லை.

"வோல்ட் இருக்குதுங்க, லைன் இல்லீங்க. இந்தப் பொட்டி அதை நம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு உக்காந்திருக்கும்" என்றார்.

எல்லா மோடமும் இப்படி இல்லை. சில மோடங்கள் இணைப்பு போனதும் வோல்ட்டையும் நிறுத்திவிடும். இது நிறுத்தாத வகை. திருடனே வேண்டாம், சாலையைத் தோண்டும் ஜேசிபி போதும். பெரியவர் ஸ்பீக்கரைப் பார்த்து, "அம்மிணி, தலைகீழா மாத்திரு. சிம்மு மொதல்ல, லைன் ரெண்டாவது" என்றார். அந்த ஒரு முடிவில், துணையாக வந்த கருவி முதன்மைக் கருவியாகிவிட்டது. விலைச்சீட்டில் இன்னும் "பேக்கப்" என்றுதான் இருக்கிறது.

அடுத்த சிக்கல் ஆன்டெனா. கான்கிரீட்டும் இரும்பும் சூழ்ந்த அறை நகைக்குப் பாதுகாப்பு, அலைக்குச் சிறை. துணைக் கருவிக்குள் இருக்கும் செல்போன் மோடம் சில்லு, சிக்னலை 0 முதல் 31 வரை எண்ணாகச் சொல்லும். 0 என்றால் மைனஸ் 113 டிபிஎம், ஒவ்வொரு படிக்கும் 2 கூடும். பின்னறைக்குள் பையன் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது 4. பரணில் 11. வெளிச்சுவரில், ஓடுகளுக்குக் கீழே 19. எண்ணுக்கு ஆசைப்பட்டால் வெளிச்சுவர்தான். ஆனால் வெளியே தெரியும் ஆன்டெனாவை ஒடிக்கக் கை போதும். பரணுக்குள் வைத்தால் கண்ணில் படாது, ஆனால் மழை பிடித்த இரவில் 11 எத்தனையாகும் என்று யாரும் எழுதித் தர முடியாது. கேபிளை நீட்டினாலும் வழியிலேயே கொஞ்சம் கரைந்துபோகும்.

இருவரும் இதில் நிறைய நேரம் செலவழித்தார்கள். இரண்டு நிறுவனங்களின் சிம்களையும் மாற்றி மாற்றிப் போட்டு, பரணின் ஒவ்வொரு மூலையிலும் எண்ணைப் பார்த்தார்கள். கடைசியில் காற்றுத் துவாரத்துக்கு உள்பக்கமாக ஓரிடத்தில் 16 வந்தது. பிஐஆர் கம்பிகள் போகும் குழாயை விட்டு விலகியும் இருந்தது. 2ஜியில் பேசும் கருவி அனுப்பும்போது துடிப்புத் துடிப்பாக 2 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய நாளில் செல்போனை ரேடியோ பக்கத்தில் வைத்தால் டிட்டிட் டிட்டிட் என்று கேட்குமே, அந்தத் துடிப்புதான். அது சென்சார் கம்பியில் ஏறினால் நள்ளிரவில் ஹூட்டர் சும்மாவே அலறும். இந்தக் கருவி 4ஜி என்றாலும் டவர் கிடைக்காதபோது 2ஜிக்கு இறங்கும், அதனால்தான் அந்த எச்சரிக்கை.

4ஜி கருவியாகப் பார்த்து வாங்கியதும் காரணத்தோடுதான். 2016-ல் வந்த ஜியோவுக்கு 2ஜி வலைப்பின்னலே கிடையாது. பழைய ஜிஎஸ்எம் டயலரில் அந்த சிம்மைப் போட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொண்டுவருபவர்கள் உண்டாம். வலைப்பின்னல் மூடப்பட்டால் கருவி வெறும் தகரம். அமெரிக்காவில் பழைய அனலாக் சேவையை நிறுத்திக்கொள்ள 2008 பிப்ரவரி 18 முதல் அனுமதி கிடைத்தபோதும், 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி தன் 3ஜியை மூடியபோதும் அலாரத் தொழிலாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிக் கருவிகளை மாற்றினார்கள். சிங்கப்பூர் 2017 ஏப்ரலில் 2ஜியை நிறுத்தியது. இந்தியாவில் 2ஜி இன்னும் ஓடுகிறது. ஓடும்வரை ஓடட்டும், அதை நம்பி வாங்காதே என்பது பெரியவரின் கட்சி.

இதற்குப் பிறகு ஏணி, டிரில் வேலைகள் ஓய்ந்து, கோவைப் பெண்ணின் ஆட்சி தொடங்கியது. நான் நினைத்திருந்தது, அவர் அங்கிருந்து இந்தக் கருவிக்குள் நுழைவார் என்று. அப்படி நுழைய முடியாது. சிம்முக்கு நிறுவனம் கொடுப்பது உள்வட்ட முகவரி, வெளியிலிருந்து அதைத் தட்ட வழியில்லை. கருவிதான் வெளியே வந்து சர்வரைக் கூப்பிட வேண்டும். அதற்காகப் பையன் முதலில் தன் போனிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் அனுப்பினான். கடவுச்சொல், ஏபிஎன் என்னும் டேட்டா வாசலின் பெயர், சர்வர் முகவரி, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அமைதி.

"அம்மிணி, வந்துருச்சா?"

"இன்னும் வரலீங்கண்ணா... இருங்க. வந்துருச்சுங்கண்ணா."

முதல் வேலையாக அவர் ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றினார். எஸ்எம்எஸ் கட்டளைகளைக் குறிப்பிட்ட எண்களிலிருந்து மட்டும் ஏற்கும்படி வைத்தார். ஆனால் அனுப்புபவரின் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால் கடவுச்சொல்லும் இல்லாமல் எதையும் ஏற்கக் கூடாது என்றார். அலாரம் பேனலின் நிரலைத் தொட வேண்டிய இடத்தில், செயலாளரே கீபேடில் தன் குறியீட்டை அழுத்திக் கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது தானே மூடிக்கொள்ளும். சிம்மை மாற்றி ஏபிஎன்னைத் தொலைவிலிருந்து திருத்தும்போது மட்டும் அந்தப் பெண்ணின் குரலில் சுருதி மாறியது. ஓர் எழுத்துப் பிசகினால் கருவி வலைப்பின்னலை விட்டே போய்விடும், திருத்தவும் வழியிருக்காது. நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுகிற வேலை. நல்லவேளையாக இந்தக் கருவியில், புதிய அமைப்பில் சர்வர் கிடைக்காவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பும் ஏற்பாடு உண்டு.

பிறகு சோதனை. பையன் பின்னறைக் கதவைத் திறந்தான். ஹூட்டர் அலறியது. வெளியே உரத்துக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் களேபரத்துக்குள் பேனல் அனுப்பியது வெறும் 16 இலக்கங்கள். கான்டாக்ட் ஐடி என்ற இந்த மொழியை உருவாக்கியது அமெரிக்காவின் அடெம்கோ நிறுவனம். உதாரணத்துக்கு 1234 18 1 130 01 003 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1234 வாடிக்கையாளர் கணக்கு. 18 சேதியின் வகை. அடுத்த 1, இது புதிய நிகழ்வு என்பது. 130 என்றால் திருட்டு. 110 ஆக இருந்தால் தீ, 301 என்றால் கரண்ட் போயிற்று. 01 பிரிவு, 003 எந்த சென்சார் என்பது. கடைசி 7 சரிபார்க்கும் எண். பூஜ்யத்தைப் பத்தாகக் கொண்டு எல்லாவற்றையும் கூட்டினால் 15-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கூட்டிப் பார்த்தேன், 75 வந்தது.

பேனல் இதைச் சொல்வதற்கு முன் எதிர்முனை 1400 ஹெர்ட்ஸிலும் 2300 ஹெர்ட்ஸிலும் இரண்டு சிறு ஒலிகளைக் கொடுக்க வேண்டும். சொல்லி முடித்ததும் 1400 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஒலி, அதுதான் ரசீது. செல்போனின் குரல் சுருக்கம் இந்த ஒலிகளைச் சிதைத்துவிடும் என்பதால், துணைக் கருவியே எதிர்முனையாக நடித்து இலக்கங்களை வாங்கி டேட்டாவாக அனுப்புகிறது. இங்கேதான் தொழிலின் நேர்மை தெரியும். வாங்கியவுடனே ரசீது கொடுத்துவிடும் மலிவுக் கருவிகள் உண்டு. பேனல் நிம்மதியாகிவிடும், சேதி பாதி வழியில் செத்திருக்கும். சர்வரின் பதில் வந்த பிறகே ரசீது ஒலிக்கும்படி அந்தப் பெண் அமைத்தார். சேதியே இல்லாத நேரத்திலும் கருவி குறித்த இடைவெளியில் "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், இரண்டு முறை சொல்லாவிட்டால் கோவையில் திரை சிவக்கும்.

பேட்டரியில் பெரியவர் சிக்கனம் பார்க்கவில்லை. எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்தால் 7 ஏஎச் பேட்டரி கணக்குப்படி 14 மணி நேரம். பொங்கல் விடுமுறைக்கு அது காணாது. தனிப் பேட்டரி போட்டார்.

சேதி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா என்று கேட்க 2015 ஈஸ்டர் விடுமுறையில் நடந்த லண்டன் ஹாட்டன் கார்டன் கொள்ளை இருக்கிறது. திருடர்கள் அலாரத்தின் தொலைபேசிக் கம்பியை வெட்டினார்கள், ஆன்டெனாவையும் ஒடித்தார்கள். அப்படியும் பலவீனமாக ஒரு சமிக்ஞை வெளியே போய்விட்டது. கண்காணிப்பு நிறுவனம் நள்ளிரவு 12.21-க்குக் காவல்துறையைக் கூப்பிட்டது. போக வேண்டியதில்லை என்று அந்த அழைப்புக்குத் தரம் குறிக்கப்பட்டது. காவலாளி ஒருவர் வந்து வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பெட்டக அறையின் சுவர் பிறகு நிதானமாகத் துளைக்கப்பட்டது. கருவி தோற்கவில்லை.

கோவைப் பெண்ணுக்கு இந்தக் கதை தெரியுமா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அழைப்புப் பட்டியலுக்கு வந்தபோது அவர் காட்டிய பிடிவாதம் அதைத் தெரிந்தவரின் பிடிவாதமாகவே இருந்தது. பேனலில் ஐந்து எண்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் அவர் அங்கேயே கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்று உபயோகத்தில் இல்லை. இன்னொன்றை எடுத்தவர் ஓய்வு பெற்று மகளோடு ஓசூரில் இருக்கும் முன்னாள் செயலாளர். "ராத்திரில அப்பப்ப வரும்ங்க. நான் யாருக்குச் சொல்றது?" என்றார். காவல் நிலையத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தற்போதைய செயலாளர் வற்புறுத்தினார். பெண் மறுத்துவிட்டார். பல்லி ஊர்ந்து நாலு தடவை பொய் அழைப்புப் போனால் ஐந்தாவதை யாரும் மதிக்கமாட்டார்கள். ஓர் ஆள் உறுதி செய்து, அவர் பேச வேண்டும். முதல் எண்ணாக யாரைப் போடுவது என்பதில் சற்று வாக்குவாதம். பதவியில் உயர்ந்தவர் சங்கத் தலைவர், ஆனால் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். தெருமுனையில் குடியிருக்கும் இரவுக் காவலரின் எண் முதலில் போடப்பட்டது. சைலன்ட்டில் வைக்கக் கூடாது என்று அவரிடம் இருமுறை சொன்னார்கள்.

கிளம்பும் நேரத்தில் பெரியவர் ஒரு தாளை நீட்டினார். இந்தக் கருவிகள் நின்றுபோவதற்கு அவர் அதிகம் பார்த்த காரணம் திருடனோ மழையோ இல்லை, யாரும் ரீசார்ஜ் செய்யாத சிம். தாளில் இரண்டு சிம்களின் எண்களும் கெடு தேதியும் இருந்தன. செயலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரீசார்ஜுக்குப் பில்லு வருமுங்களா? தணிக்கைல கேப்பாங்க."

"ஆன்லைன்ல வருமுங்க சார், நான் அனுப்பி வைக்கறேன்" என்றது ஸ்பீக்கர்.

"எந்தத் தலைப்புல எழுதறது? போன் செலவுன்னா, பேசாத போனுக்கு எதுக்குச் செலவுன்னு கேப்பாங்க."

சங்க உதவியாளர் ஒருவர் 'பாதுகாப்புச் செலவு' என்றார். அந்தத் தலைப்பில் அந்த ஆண்டுக்கு ஒதுக்கீடு இல்லையாம். பேரேட்டைப் புரட்டிக்கொண்டே, அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிடலாம் என்று செயலாளர் சொன்னார். கெடு தேதி கூட்டத்துக்கு முன்னாலா பின்னாலா என்று ஸ்பீக்கர் கேட்டது.