நர்ஸம்மா எங்க போனாங்க?

புள்ளலூர்னு சொன்னா வரலாறு படிச்சவங்களுக்கு 1780 ஞாபகம் வரும். ஹைதர், திப்பு படைகள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை நொறுக்கிய இடம். எனக்கு ஞாபகம் வர்றது அந்தப் பக்கத்து சர்க்கரை நோயாளிகள் கேட்கும் கேள்விதான்: "டாக்டர், முன்னாடி இருந்த நர்ஸம்மா எங்க?"

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஆள் விலகினா ஹெச்ஆர் மீட்டிங் போடுவாங்க. இங்க யார் போடுறது?

நர்ஸ் மாறினா என்ன போச்சுன்னு நினைக்காதீங்க. எந்தப் பாட்டி ராத்திரி மாத்திரையை மட்டும் விட்டுடுவாங்க, எந்த வீட்டு மாமியார் மருமகளை ஸ்கேனுக்கு அனுப்ப மாட்டாங்க... இதெல்லாம் எந்த ரெஜிஸ்டர்லயும் கிடையாது. புதுசா வர்றவங்களுக்கு இது பிடிபட ரெண்டு வருஷமாவது ஆகும்.

சரி, டாக்டர்களை கிராமத்துல நிறுத்த தமிழ்நாடு என்ன செஞ்சது?

ரொம்ப சிம்பிள். மேல்படிப்பு! அரசுக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டு பிஜி இடங்களில் 50% அரசு டாக்டர்களுக்குன்னு ஒதுக்கீடு. ஆரம்ப சுகாதார நிலையத்துல உழைச்சா எம்டி, எம்எஸ் சீட்டுக்கு வழி உண்டுன்னு தெரிஞ்சதாலதான் இளம் டாக்டர்கள் மூட்டை கட்டிக்கிட்டு கிராமத்துக்குப் போனாங்க. மருத்துவக் கவுன்சில் விதிகளைக் காரணம் காட்டி 2017-ல் டிகிரி படிப்புகளுக்கு இது நின்னு போச்சு. அரசு டாக்டர்கள் சங்கமே உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டுன்னு தீர்ப்பு சொன்னது.

போஸ்டர் ஒட்டி, "சேவை மனப்பான்மை வேணும்"னு பேசி இதைச் சாதிச்சிருக்க முடியாதுங்க. (அப்படிப் பேசுறவங்க யாரும் கிராமத்துல குடியிருக்கிறதும் இல்ல.)

ஆனா அதே கட்டடத்துல ராத்திரி டியூட்டி பார்க்கிற செவிலியருக்கு?

2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து எடுத்த செவிலியர்களுக்குத் தொகுப்பூதியம். மாசம் 7,700 ரூபாய். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல உட்கார்ந்து போராடினாங்க. அப்புறம் சம்பளம் ஏறிச்சு, காலியிடம் வர வர நிரந்தரமும் கிடைச்சது. ஆனா எப்ப வரும்னு தெரியாத உத்தரவுக்காக எத்தனை வருஷம் காத்திருக்க முடியும்? பரீட்சை எழுதித் தேறினவங்க. வளைகுடாவுக்கோ லண்டனுக்கோ போனா அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

டாக்டருக்கு ஏணி இருக்கு, செவிலியருக்கு வரிசை மட்டும்தான் இருக்கு. என் பார்வையில் வித்தியாசம் இதுதான்.

இன்னொன்னு. உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு: கிராமத்துல ஆள் நிற்கணும்னா கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வையுங்கன்னு. சொந்த ஊர், சொந்த மனுஷங்க இருந்தா கால் தரிக்கும். நம்ம கிராம சுகாதார செவிலியர்களைப் பாருங்க. சுமார் 5,000 பேருக்கு ஒருத்தர். பக்கத்து ஊர்க்காரங்களா இருந்தா பல வருஷம் அதே ஏரியாவுல இருப்பாங்க.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% மருத்துவ இடம் 2020-ல் வந்தது. அந்த முதல் பேட்ச் டாக்டராகி எங்க போய் உட்காரப் போறாங்கன்னு பார்க்க நான் ரொம்ப ஆவலா இருக்கேன்.

உங்க ஊர் சுகாதார நிலையத்துல இப்ப இருக்கிற நர்ஸம்மா எத்தனை வருஷமா இருக்காங்க? கமெண்ட்ல சொல்லுங்க.